ஈயம் பூசக் கொடுக்கும் முன்: பழைய பித்தளைப் பாத்திரங்களைப் பிரித்துத் தயார் செய்வது எப்படி?

பரணிலிருந்து பாத்திரங்களை இறக்கியதும் எல்லோரும் முதலில் செய்வது, புளியை ஊறவைத்து விளக்க ஆரம்பிப்பது. அதைத்தான் செய்யக் கூடாது. விரிசல் எங்கே இருக்கிறது, ஒட்டு எங்கே விட்டிருக்கிறது என்பதையெல்லாம் அந்த அழுக்கும் பச்சைக் களிம்பும்தான் காட்டிக்கொடுக்கும். விளக்கி முடித்துவிட்டால் எல்லாம் ஒரே மஞ்சளாக மின்னும். அப்புறம் கோளாறு தெரிவது நெருப்பில் வைத்த பிறகுதான்.

செங்கோட்டையில் கல்யாணப் பாத்திர வாடகைக் கடை நடத்துகிறேன். வீடுகளிலிருந்தும் கோயில் மடப்பள்ளிகளிலிருந்தும் பழைய பாத்திரங்களை ஈயம் பூச, அதாவது உட்புறத்தில் வெள்ளீயத்தை மெல்லிய படலமாக ஏற்ற, தயார் செய்து தரச் சொல்லிக் கொண்டு வருவார்கள். கார்த்திகையில் ஐயப்பன்மார் அன்னதானம் தொடங்குவதற்கு முன்னால் இந்த வேலை மொத்தமாக வந்து குவியும். புதிதாக வேலைக்குச் சேரும் பையன்கள் ஒவ்வொருவரும் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள். அந்த இடங்களைச் சொல்லத்தான் இது.

1. வேலைக்கு உட்காரும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

ஒரு காந்தம் (பழைய ஸ்பீக்கரில் இருந்து கழற்றியது போதும்), ஒரு சின்ன அரம், ஒரு மரக்கட்டை அல்லது மத்து, டார்ச் லைட், சாக்பீஸ், பழைய நியூஸ்பேப்பர், சலவை சோடா, புளி, கல் உப்பு, தேங்காய் நார், பழைய பருத்தித் துணி, ரப்பர் கையுறை. எடை போடத் தராசு கிடைத்தால் நல்லது.

உப்புத்தாள், இரும்புக் கம்பி பிரஷ், கக்கூஸ் கழுவும் ஆசிட் மூன்றையும் பக்கத்திலேயே வைக்காதீர்கள். கைக்கெட்டினால் எடுக்கத் தோன்றும்.

வெயில் அடிக்கும் நாளாகப் பார்த்து ஆரம்பிக்க வேண்டும். ஆனி, ஆடியில் இங்கே சாரல் விழும்போது காலையில் கழுவிய பாத்திரம் மாலைக்குள் மறுபடி கறுக்க ஆரம்பித்துவிடும். அந்த மாதங்களில் முதல் நான்கு கட்டங்களை மட்டும் முடித்து வைத்துக்கொண்டு, கழுவும் வேலையைப் பூசுகிறவர் வரும் நாளுக்கு முந்தின நாளில் வைத்துக்கொள்வது உத்தமம்.

2. உலோகம் வாரியாகப் பிரித்தல்

முழு வேலையில் பாதி இதுதான். இதில் தவறினால் பின்னால் எவ்வளவு கவனமாக இருந்தும் பயனில்லை.

முதலில் காந்தம். பாத்திரத்தின் வயிற்றிலும் தூரிலும் காந்தம் ஒட்டினால் அது பித்தளை முலாம் போட்ட இரும்பு. தனியாக வையுங்கள், இதற்கு ஈயம் பூசுவது வீண். ஆனால் விளிம்பில் மட்டும் ஒட்டினால் பயப்பட வேண்டாம். தகட்டில் செய்த அண்டாவுக்கும் தவலைக்கும் விளிம்பைச் சுருட்டும்போது உள்ளே இரும்புக் கம்பி வைத்துச் சுருட்டுவார்கள், வாய் நெளியாமல் இருக்க. புதுப் பையன்கள் நல்ல அண்டாவை எல்லாம் ‘போலி’ என்று ஒதுக்கி வைப்பது இந்த இடத்தில்தான். காதும் அதைப் பிடித்திருக்கும் ஆணியும்கூட இரும்பாக இருக்கலாம். வயிற்றில் ஒட்டுகிறதா என்பது மட்டும்தான் கணக்கு.

அடுத்தது நிறம். மேல் நிறத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, எல்லாமே பழுப்பாகத்தான் இருக்கும். அடிப்பக்கத்தில் கண்ணில் படாத ஒரு இடத்தில் அரத்தால் ஒரே ஒரு கீறல் போட்டு, அது புதிதாக இருக்கும்போதே பாருங்கள். சிவப்பாகத் தெரிந்தால் செம்பு. நல்ல மஞ்சள் என்றால் பித்தளை, அதாவது செம்பும் துத்தநாகமும். மஞ்சள் வெளிறி, லேசாகச் சாம்பல் கலந்த மாதிரி தெரிந்தால் வெண்கலம், அதாவது செம்பும் வெள்ளீயமும். வீட்டுக்குள் டியூப் லைட் வெளிச்சத்தில் இதைப் பார்க்கக் கூடாது, வாசலுக்குக் கொண்டு வாருங்கள்.

மூன்றாவது ஓசை. பாத்திரத்தை விரல் நுனிகளில் தூக்கிப் பிடித்து விளிம்பில் மரக்கட்டையால் தட்டினால், வெண்கலம் நீளமாக இழுத்து ஒலிக்கும். பித்தளை கணீரென்று தொடங்கிச் சீக்கிரம் அடங்கிவிடும். இங்கே பூச வருகிற பெரியவர் சொல்வது: “அண்ணாச்சி, இது கிண்ணுங்குது, ஆனா இழுக்க மாட்டேங்குது. பித்தளைதான்.”

இந்தப் பக்கம் அதிகம் குழப்புவது உருளி. 1956 நவம்பர் வரை செங்கோட்டை திருவிதாங்கூரோடு இருந்த ஊர். பழைய வீடுகளில் சீர் வந்த பாத்திரங்களில் பாதி புனலூர், கொல்லம் பக்கத்து வார்ப்பு. பித்தளை உருளியும் வெண்கல உருளியும் இரண்டுமே வார்த்து எடுத்தவை, இரண்டும் கனமானவை, இரண்டின் உள்ளேயும் கடைசல் கோடுகள் இருக்கும். பார்வைக்கு அண்ணன் தம்பி. ஓசையும் அரக்கீறலும் சேர்ந்து ஒரே பதிலைச் சொன்னால்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? வெண்கலம் கடினமானது, ஆனால் நொறுங்கும். சுத்தியலால் தட்டினாலும், சூட்டோடு தண்ணீரில் போட்டாலும் பிளந்துவிடும். பித்தளை தாங்கும். இரண்டையும் ஒரே குவியலில் கொடுத்தால் பூசுகிறவர் பித்தளை என்று நினைத்து வெண்கலத்தை அப்படியே தொட்டியில் முக்குவார். பாட்டி காலத்து உருளி இரண்டாகும். தவிர, வெண்கல உருளிக்கு ஈயம் பூசும் வழக்கமும் இங்கே இல்லை. பாயசமும் கஞ்சியும் அதில் அப்படியே வைப்பார்கள். ஆக வெண்கலத்தை விளக்கி எடுத்து வைத்தால் போதும், பூசும் வரிசைக்கே அது வர வேண்டியதில்லை.

செம்பு தனிக் குவியல். சமைக்கிற செம்புப் பாத்திரத்துக்கு ஈயம் அவசியம். வெறும் தண்ணீர் வைக்கிற குடத்துக்கு வேண்டாம்.

குத்துவிளக்கு, மணி, தாம்பாளம், கிண்டி இவையெல்லாம் சமையலுக்கு வராதவை. ஈயம் தேவையில்லை, எடுத்து ஓரமாக வையுங்கள். கடையில் புதிதாக வாங்கிய அலங்காரச் சாமான்களில் கறுக்காமல் இருக்க லாக்கர் என்னும் வார்னிஷ் அடித்திருப்பார்கள். அதைத் தெரியாமல் அடுப்பில் வைத்தால் கருகி நாறும்.

3. விரிசலும் ஒட்டும் தேடுதல்

இதற்காகத்தான் விளக்காமல் வைத்திருக்கச் சொன்னேன். பாத்திரத்தின் வெளிப்புறத்தில் மயிரிழை போல ஒரு பச்சைக் கோடு ஓடுகிறதா என்று பாருங்கள். பரவலான பச்சை வெறும் களிம்பு. கோடாக ஓடும் பச்சை, உள்ளிருந்து ஈரம் கசிகிற விரிசல். புளி போட்டுத் தேய்த்தால் முதலில் அழிவது அந்தக் கோடுதான். விரிசல் மட்டும் அப்படியே இருக்கும்.

தேட வேண்டிய இடங்கள்: குடத்தின் கழுத்து வளைவு, தூரும் வயிறும் சேரும் மூலை, காது ஆணியைச் சுற்றி, முன்பு ஒடுக்கு எடுத்த இடம். தகடு அதிகம் வளைந்தோ அடிபட்டோ இருக்கிற இடத்தில்தான் பித்தளை விரியும்.

பிறகு விளிம்பைச் சுற்றி நாலைந்து இடங்களில் தட்டுங்கள். ஓரிடத்தில் மட்டும் கீறல் விழுந்த மண்பானை போல ‘டொப்’ என்று கேட்டால் அங்கே சாக்பீஸால் வட்டம் போடுங்கள். காது ஆணி தளர்ந்திருந்தாலும் அதே சத்தம் வரும், அதனால் காதைக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு இன்னொரு முறை தட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அப்புறம் ஒட்டு. குடம் போன்றவை இரண்டு மூன்று துண்டுகளாகச் செய்து பற்றவைத்தவை. அந்த இணைப்புக் கோட்டின் நிறத்தைப் பாருங்கள். மஞ்சளாக இருந்தால் பித்தளைப் பற்றாசு (பற்றவைக்கும் உலோகம்) வைத்து ஊதியது, சூட்டைத் தாங்கும். வெள்ளி நிறத்திலோ சாம்பல் நிறத்திலோ இருந்தால் ஈயப் பற்று. ரேடியோ ரிப்பேருக்குப் பயன்படும் சால்டர் வகை அது, 200 டிகிரி செல்சியஸுக்குள்ளேயே உருகத் தொடங்கிவிடும். பூசும் ஈயம் உருகுவது 232 டிகிரியில். அதாவது ஈயம் பூசும் சூட்டுக்குப் போவதற்குள் பாத்திரத்தின் ஒட்டு வாயைப் பிளந்துவிடும். ஓட்டை அடைத்த பழைய பாத்திரங்களில் இது சர்வ சாதாரணம். தவிர, அந்தப் பற்றில் பெரும்பாலும் நஞ்சான காரீயம் கலந்திருக்கும். சமையல் பாத்திரத்தில் அது இருக்கவே கூடாது. அப்படிப்பட்டவற்றைப் பாத்திரப் பட்டறையில் கொடுத்துப் பழைய பற்றைச் சுரண்டி, பித்தளைப் பற்றாசு வைத்த பிறகுதான் பூசும் வரிசையில் சேர்க்க வேண்டும்.

4. தண்ணீர் சோதனை

சந்தேகம் உள்ளவற்றை மட்டும் நியூஸ்பேப்பர் மேல் வைத்து, கழுத்து வரை தண்ணீர் ஊற்றி, ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். காலையில் பேப்பரில் ஈர வட்டம் இருந்தால் கசிவு உண்டு. சாரல் நாளில் பாத்திரத்தின் வெளிப்பக்கமே வியர்க்கும். அது எல்லாப் பக்கமும் சமமாக இருக்கும், கசிவு ஓரிடத்தில் மட்டும் இருக்கும்.

“சின்ன ஓட்டைதானே, ஈயம் பூசினால் அடைந்துவிடும்” என்பார்கள். அடையும், பத்து நாளைக்கு. பூச்சு மெல்லிய படலம், அது அடைப்பு அல்ல.

5. எண்ணெய்ப் பிசுக்கு எடுத்தல்

புளிக்கு முன்னால் சோடா. இந்த வரிசையை மாற்றக் கூடாது. எண்ணெய் படிந்த இடத்தில் புளிப்பு இறங்காது. அங்கங்கே திட்டாக நிற்கும், அந்தத் திட்டில் பின்னால் ஈயமும் ஒட்டாது.

பெரிய அண்டாவில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, ஒரு வாளித் தண்ணீருக்கு ஒரு கைப்பிடி சலவை சோடா போட்டு, பாத்திரத்தை அதில் அரைமணி நேரம் ஊறவிட்டுத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுங்கள். கழுவிய பாத்திரத்தில் தண்ணீர் ஒரே படலமாக விரிந்து ஓட வேண்டும். முத்து முத்தாகத் திரண்டு நின்றால் எண்ணெய் இன்னும் இருக்கிறது, இன்னொரு முறை போடுங்கள்.

பட்டறைகளில் காஸ்டிக் சோடா பயன்படுத்துவார்கள். வீட்டில் அது வேண்டாம். கண்ணில் ஒரு துளி தெறித்தால் பார்வைக்கே ஆபத்து.

களிம்பு கட்டியாக இருக்கும் இடத்தைக் காய்ந்த நிலையில் சுரண்டாதீர்கள், அந்தப் பச்சைத் தூள் மூக்கில் ஏறும். நனைத்துவிட்டுச் சுரண்டுங்கள்.

6. ஒடுக்கு எடுத்தல்

பிசுக்கு போன பிறகு, புளிக்கு முன்னால். ஈயம் பூசிய பிறகு தட்டினால் பூச்சு நெளிந்து கிழியும். அதனால் நெளிவு எல்லாம் இப்போதே நிமிர வேண்டும். மேலோட்டமான ஒடுக்கை உள்ளே மணல் மூட்டை வைத்து மரச்சுத்தியால் எடுக்கலாம். மூலை மடிந்து முறுகியதைப் பட்டறையில் கொடுங்கள். அங்கே பழுக்கக் காய்ச்சி இளக்கிய பிறகுதான் தட்டுவார்கள். வெண்கலத்தில் ஒடுக்கு விழாது, விழுந்தால் அது விரிசலாகத்தான் இருக்கும். சுத்தியைக் கிட்டக்கூடக் கொண்டு போகாதீர்கள்.

7. புளி போடுதல்

கெட்டியாகக் கரைத்த புளியில் கல் உப்பு கலந்து, வெளிப்பக்கமும் உள்ளே பழைய ஈயம் போன இடங்களிலும் தடவி, பத்துப் பதினைந்து நிமிடம் விட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். போகாவிட்டால் மறுபடி போடலாம். ஆனால் “நன்றாக ஊறட்டும்” என்று ராத்திரி முழுக்க விடக் கூடாது. புளிப்பு அதிக நேரம் நின்றால் பித்தளையின் துத்தநாகம் முதலில் கரைந்து போய், மேலே செம்பு மட்டும் நிற்கும். காலையில் பார்த்தால் பாத்திரம் திட்டுத்திட்டாக இளஞ்சிவப்பாக இருக்கும். லேசாக இருந்தால் தேய்த்து எடுக்கலாம். ஆழமாகப் போயிருந்தால் அந்த இடத்தில் உலோகமே பலவீனமாகிவிட்டது என்று அர்த்தம்.

கக்கூஸ் ஆசிட்டை ஒதுக்கி வைக்கச் சொன்னதும் இதற்காகவே. புளி ராத்திரி முழுக்கச் செய்வதை அது சில நிமிடங்களில் செய்துவிடும்.

உள்ளே ஒட்டியிருக்கும் பழைய ஈயத்தைச் சுரண்டி எடுக்க வேண்டியதில்லை. நெருப்பில் அதுவே உருகிப் புதிய ஈயத்தோடு சேர்ந்துகொள்ளும். ஒரே நிபந்தனை, பழைய பூச்சில் காரீயம் கலந்திருக்குமோ என்ற சந்தேகம் இருக்கக் கூடாது. இருந்தால் அதை முழுக்க உருக்கித் துடைத்துவிட்டுப் பூசச் சொல்லுங்கள்.

விளக்கும் பவுடர்களைப் பற்றிக் கேட்பார்கள். பீதாம்பரி, சபீனா எல்லாம் வெளிப்பக்கப் பளபளப்புக்குச் சரி. பூசப் போகும் உட்புறத்தில் பவுடரின் மிச்சம் தங்காமல் அலச வேண்டும், அவ்வளவுதான்.

8. உலர்த்துதல்

துணியால் துடைத்துக் கவிழ்த்து வைத்தால் உலர்ந்துவிட்டது என்று நினைப்பார்கள். சுருட்டு விளிம்புக்குள் கம்பியை ஒட்டித் தண்ணீர் நிற்கும். அதோடு நெருப்பில் ஏறினால் அந்தத் தண்ணீர் ஆவியாகி, உருகிய ஈயத்தைத் தெறிக்க வைக்கும். பாத்திரத்தைச் சாய்த்து விளிம்பை மெதுவாகத் தரையில் தட்டிச் சுற்றிக்கொண்டே வாருங்கள், இணைப்பு இருக்கும் இடத்தில் துருக் கலந்த பழுப்புத் தண்ணீர் சொட்டும். சொட்டு நின்ற பிறகு வெயிலில் வையுங்கள். வெயில் இல்லாவிட்டால் அடுப்பின் ஓரச்சூடு போதும். கை வைக்க முடிகிற சூடுதான் இருக்க வேண்டும்.

உலர்ந்த பிறகு உட்புறத்தை விரலால் தொடாதீர்கள். விரல் எண்ணெய் பட்ட இடம் பூச்சில் புள்ளியாக விட்டுப் போகும்.

9. அடையாளமும் பட்டியலும்

பழைய பாத்திரங்களில் பெயர் வெட்டியிருப்பார்கள், புள்ளி புள்ளியாகக் குத்திய எழுத்துகளில். அதைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் இல்லாதவற்றின் காதில் கம்பியில் கோத்த தகட்டுச் சீட்டுக் கட்டலாம். பேப்பர் சீட்டு நெருப்பில் போய்விடும், சாக்பீஸும் நிற்காது. வகை, எண்ணிக்கை, எடை மூன்றையும் எழுதி, பூசுகிறவரிடம் படித்துக் காட்டிவிட்டுக் கொடுங்கள். ஒரே அளவுத் தவலைகள் கனத்தில் வேறுபடும். மாறிப் போனால் எடைதான் பேசும்.

10. ஈயத்தைச் சோதித்தல்

பூச வேண்டியது வெள்ளீயம். காரீயம் நஞ்சு, அது கொஞ்சம் கலந்தாலும் புளிக்குழம்பில் கரைந்து வயிற்றுக்குள் போகும். வெள்ளீயத்தின் விலை காரீயத்தைப் போலப் பத்து மடங்குக்கும் மேல், கலப்படத்துக்குக் காரணம் அதுதான். பூசி முடித்த பிறகு கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே ஈயக் குச்சியை நீங்களே உலோகக் கடையில் பில்லோடு வாங்கிக் கொடுப்பது நல்லது.

குச்சியைக் காதருகே பிடித்து வளைத்தால் சுத்தமான வெள்ளீயம் ‘கிறுகிறு’ என்று முனகும். காரீயம் சத்தமே போடாமல் வளையும். வெள்ளைத் தாளில் அழுத்தி இழுத்தால் காரீயம் பென்சில் மாதிரிக் கறுப்புக் கோடு போடும், வெள்ளீயம் அப்படிப் போடாது. சத்தம் வந்து கோடும் அழுத்தமாக விழுந்தால் அது கலப்பு, வேண்டாம்.

சமையல் தொழில் செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சரியாக ஈயம் பூசாத செம்பு, பித்தளைப் பாத்திரங்கள் உணவுக்கு ஏற்றவை அல்ல என்று உணவுப் பாதுகாப்பு விதிமுறைகளிலேயே இருக்கிறது. மெஸ், கேட்டரிங் வைத்திருப்பவர்கள் பூசிய தேதியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

11. பூசும்போது கூட நிற்பவர் பார்க்க வேண்டியது

பாத்திரத்தைக் கரி நெருப்பில் காய்ச்சி, நவச்சாரப் பொடியைத் தூவி, ஈயக் குச்சியைத் தொட்டுப் பஞ்சால் இழுப்பார்கள். நவச்சாரம்தான் மேற்பரப்பின் கடைசி அழுக்கை எடுத்து ஈயத்தைப் பிடிக்க வைக்கிறது. வெள்ளைப் புகை எழும்பும். காற்று வரும் பக்கமாக நில்லுங்கள், குழந்தைகளைத் தள்ளி வையுங்கள்.

ஈயம் ஓரிடத்தில் மட்டும் ஓடாமல் உருண்டு விலகினால், அந்த இடத்தில் பிசுக்கு இருக்கிறது. அங்கேயே மேலும் மேலும் ஈயம் போடச் சொல்லாதீர்கள். இறக்கித் தேய்த்துவிட்டு மறுபடி ஏற்றச் சொல்லுங்கள். நல்ல வேலைக்காரர் நீங்கள் சொல்லும் முன்பே இறக்கிவிடுவார்.

12. வீட்டுக்கு வந்த பிறகு

முதல் வேலை, வெந்நீரில் நன்றாகக் கழுவி நவச்சார மிச்சத்தைப் போக்குவது. நவச்சாரத்தில் இருப்பது அமோனியா. அதுவும் ஈரமும் சேர்ந்தால், இழுத்து வளைத்த பித்தளை தானாக விரியும். பிரிட்டிஷ் பட்டாளத்தின் தோட்டாக்களை மழைக்காலத்தில் குதிரை லாயத்தில் வைத்தபோது அவற்றின் பித்தளை உறைகள் விரிசல் விட்டதற்கும் இதே அமோனியாதான் காரணம் என்று 1921-ல் கண்டுபிடித்தார்கள். இங்கே குதிரை இல்லை, மாடு இருக்கிறது. மாட்டுக் கொட்டகைப் பரணில் அண்டா அடுக்கும் பழக்கம் புளியரைப் பக்கத்து வீடுகளில் இன்னும் உண்டு. கழுத்தில் விரிசலோடு என்னிடம் வரும் குடங்களை எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் அந்தப் பதில்தான் வரும். பாத்திரத்தை வீட்டுக்குள் கொண்டு வாருங்கள்.

முதல் சமையலுக்கு முன் அரிசி களைந்த தண்ணீரைக் கொதிக்கவிட்டுக் கொட்டிவிடுங்கள். பிறகு, வெறும் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றக் கூடாது. தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரியைப் பெரிதாகத் தாண்டாது, வற்றினால் ஈயம் உருகிக் கீழே திரண்டுவிடும். தாளிப்பை இரும்புக் கரண்டியில் தனியாகச் செய்து சேர்த்துக்கொள்ளுங்கள். கிளற மர அகப்பை அல்லது சிரட்டை அகப்பை. எவர்சில்வர் கரண்டி பூச்சைச் சுரண்டும், கம்பி நார் அதைவிட மோசம்.

தூரில் மஞ்சள் தெரிய ஆரம்பித்தால் அந்தப் பாத்திரத்தில் புளி, தயிர், தக்காளி வைப்பதை அன்றே நிறுத்திவிட்டு, பூச வேண்டிய வரிசையில் எடுத்து வையுங்கள். விளக்காமல்.